ஜெல்லி மீன்கள் எங்கிருந்து வருகின்றன?

பிரான்ஸின் வடக்குக் கரையில், டன்கர்க்குக்கும் கலேவுக்கும் நடுவே, கிராவ்லின் என்ற ஊரில் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. ஆறு உலைகள், ஒவ்வொன்றும் 900 மெகாவாட். 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அங்கே மூன்று உலைகள் அடுத்தடுத்துத் தாமாகவே நின்றுவிட்டன. விடிவதற்குள் நான்காவதும் நின்றது. மற்ற இரண்டும் பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. ஆக, மொத்த நிலையமும் முடங்கியது. காரணம், உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் இடத்தில், வடிகட்டி உருளைகளில் வந்து அப்பிக்கொண்ட ஜெல்லி மீன் கூட்டம்.

செய்தி வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: திடீரென்று இத்தனை எங்கிருந்து வந்தன? எனக்கு இது ரொம்ப முக்கியமான கேள்வியாகப் படுகிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். இந்தப் பதிவு அந்தப் பதிலுக்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பிரான்ஸோடு முடிகிற விஷயமில்லை. 2013-இல் ஸ்வீடனின் ஆஸ்கார்ஷாம் அணுமின் நிலையத்தில் ஓர் உலையை இதே காரணத்துக்காக நிறுத்தினார்கள். 1999 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் ஓர் அனல்மின் நிலையம் ஜெல்லி மீன்களால் நின்று, தீவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. ராணுவப் புரட்சி வந்துவிட்டதோ என்று ஜனங்கள் பயந்தார்கள். நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் இது பழைய தொல்லைதான். அங்கே கடலுக்கடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள், அதோடு ஜெல்லி மீன்களும் உள்ளே வருகின்றன. இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2000-இலேயே ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வந்துவிட்டது.

மின் நிலையங்களுக்கு இப்போது தெரிவது மீனவர்களுக்கு எப்போதோ தெரியும். ராமநாதபுரம் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “சொறி (ஜெல்லி மீன்) அடைஞ்சிருச்சுன்னா வலையத் தூக்க முடியாது தம்பி. கனம் இழுக்கும். தூக்கினாலும் உள்ள மீனு நசுங்கிக் கெடக்கும். கையெல்லாம் எரியும், அன்னிக்குப் பொழப்பு அவ்வளவுதான்.” நானும் அதே கேள்வியை அவரிடம் கேட்டேன், எங்கிருந்து வருது? “காத்து கொண்டாருது, நீவாடு (நீரோட்டம்) கொண்டாருது. அதுக்கு முன்னால எங்க இருந்துச்சுன்னு யாரு கண்டா?”

அதைக் கண்ட ஒருவர் இருந்தார்.

மூன்று பெயர்கள், ஓர் உயிர்

நார்வேயைச் சேர்ந்த மிக்கேல் சார்ஸ் இறையியல் படித்து, மேற்குக் கரையோரத்தில் போதகராக ஊழியம் செய்தவர். மனசு முழுக்கக் கடல் உயிர்கள். 1829-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இரண்டு புதிய உயிரினங்களை விவரித்தார். ஒன்று, சில மில்லிமீட்டர் உயரத்தில், கல்லில் ஒட்டிக்கொண்டு, உச்சியில் கொடுக்குக் கைகளை விரித்து நிற்கும் குட்டி உயிர். அதற்கு ஸ்கைஃபிஸ்டோமா என்று பெயர் வைத்தார். இன்னொன்று, உடல் முழுக்க வட்ட வட்டமாக வரி விழுந்தது, ஸ்ட்ரோபிலா. எட்டுக் கைகளோடு நட்சத்திரம் மாதிரி நீந்தும் ஒரு பொடி உயிருக்கு எஃபைரா என்று வேறு ஆய்வாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

சார்ஸ் விடவில்லை, திரும்பத் திரும்பக் கவனித்துக்கொண்டே இருந்தார். 1835-இல் அவருக்குப் பிடிபட்டது: முதலாவதுதான் வளர்ந்து இரண்டாவதாகிறது. 1841-இல் முழுச் சங்கிலியையும் எழுதினார். ஒட்டி நிற்பது, வரி விழுந்தது, நட்சத்திரமாக நீந்துவது மூன்றும் ஒரே உயிரின் பருவங்கள். கடைசியில் அது ஆவது, எல்லோருக்கும் தெரிந்த குடை வடிவ ஜெல்லி மீன்.

இதை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நாம் ஜெல்லி மீன் என்று சொல்வது அந்த உயிரின் பாதி வாழ்க்கையைத்தான். மறுபாதி கடலுக்கடியில் ஒட்டியபடி நடக்கிறது. ஒட்டி வாழும் அந்தப் பருவத்தை இன்று பாலிப் என்கிறோம், நீந்தும் குடைப் பருவத்தை மெடூசா என்கிறோம். மெடூசா பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துபோகும். பாலிப் வருடக்கணக்கில் இருக்கும்.

உலகமெங்கும் பரவியிருக்கும் நிலா ஜெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணுமான மெடூசாக்களின் இனப்பெருக்கத்தில் கண்ணுக்கு எட்டாத நுண்புழு பிறக்கிறது. அது கொஞ்ச காலம் நீந்தி, கெட்டியான ஒரு பரப்பைத் தேடி ஒட்டிக்கொண்டு பாலிப் ஆகிறது. பெரும்பாலும் அடிப்பரப்பாகப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கும். வண்டல் மேலே படியாது, வெளிச்சம் குறைவு, பாசியோடு இடத்துக்குச் சண்டை போட வேண்டியதில்லை.

ஒட்டியதும் அது தன்னையே நகலெடுக்க ஆரம்பிக்கிறது. பக்கத்தில் மொட்டு விட்டுப் புதுப் பாலிப் முளைக்கும். காலம் சரியில்லை என்றால், தன் அடியில் கெட்டித் தோலோடு ஒரு சின்ன முடிச்சை விட்டுவைக்கும். பாலிப் செத்தாலும் முடிச்சு கிடக்கும், நிலைமை தேறியதும் அதிலிருந்து புதுப் பாலிப் எழும். ஓர் ஆய்வகத்தில் பாலிப்புகள் ஒட்டிய கண்ணாடித் தட்டு ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் பார்க்க எனக்கு வாய்த்தது. வெறுங்கண்ணுக்கு வெண்ணிறப் புள்ளிகள்தான். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் பதினாறு கைகளை விரித்துக்கொண்டு, தண்ணீரில் போன பொடி இரையைப் பிடித்து வாய்ப்பக்கம் மடித்துக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டின் உடல், இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதைப் போல வரிவரியாகப் பிரிந்திருந்தது. மேல் தட்டு துடித்துக்கொண்டே இருந்தது, கழன்று போகத் தயாராக. அப்படிக் கழலும் ஒவ்வொரு தட்டும் ஒரு ஜெல்லி மீன் குஞ்சு. ஒரே பாலிப் ஒரு பருவத்தில் பத்துக்கும் மேல் கழற்றிவிட முடியும். விட்ட பிறகு அது சாவதில்லை, அடுத்த பருவத்துக்குத் தயாராகிறது.

எப்போது கழற்ற வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதற்குப் பதில் சொன்னார்கள். தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் பாலிப்பின் உடலில் ஒரு குறிப்பிட்ட புரதம் நாளுக்கு நாள் கூடுகிறது. போதிய அளவு சேர்ந்ததும் உடல் பிரியத் தொடங்குகிறது. அதாவது, குளிர்காலம் எத்தனை நாள் நீடித்தது என்று அது எண்ணுகிறது. ஒரு நாள் மட்டும் குளிர் அடித்தால் ஏமாறாது. ஒரு விரிகுடாவின் பாலிப்புகள் எல்லாம் ஒரே குளிரை அனுபவிப்பதால், எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கழற்றுகின்றன. “திடீரென்று” வந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். அது திடீரென்று நடப்பதே இல்லை, மாதக்கணக்காகத் தயாராகிறது.

சிக்கனத்தால் ஜெயித்த உடம்பு

கழன்ற குஞ்சு வளர்கிற வேகமும் அதன் உடலமைப்பும் எனக்கு இன்றும் வியப்புதான். மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை. உடல் எடையில் 95 சதவீதம் தண்ணீர். கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறைகளில் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜெல்லி மீன் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. மீன்கள் கடலை நிறைப்பதற்கு வெகுகாலம் முன்பே இவை குடை விரித்துவிட்டன.

அந்தத் தண்ணீர் உடம்புதான் அவற்றின் பலம். குறைந்த சத்தை வைத்துப் பெரிய உருவம் கட்டலாம். உருவம் பெரிதானால் நீந்தும் வழியில் மோதும் இரையும் அதிகம். குடையைச் சுருக்கும்போது மட்டும் தசைக்கு வேலை, விரிவது நடுவிலிருக்கும் ஜெல்லியின் மீள்விசையால் தானாக நடக்கிறது. அப்படி விரியும்போது குடைக்கு அடியில் ஒரு நீர்ச்சுழி உண்டாகி, தசையை அசைக்காமலே இன்னும் கொஞ்ச தூரம் முன்னால் தள்ளிவிடுகிறது. பட்டினி வந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும், தீனி கிடைத்தால் மறுபடி வளரும். மீன் மூச்சுத் திணறும் அளவுக்குப் பிராணவாயு குறைந்த நீரிலும் பல இனங்கள் தாக்குப்பிடிக்கும்.

அடுத்து, கொட்டும் செல். ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்ணிய உறை, அதற்குள் சுருட்டி வைத்த முள் நூல். இதே தொகுதியைச் சேர்ந்த ஹைட்ராவில் அளந்திருக்கிறார்கள்: உறைக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்கு அழுத்தம், நூல் பாய்ந்து குத்த ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உயிரியலில் நாம் அறிந்த மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று. இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. தொட்டால் வெடிக்கும். அதனால்தான் கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும்.

கடற்கரைக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். கொட்டிய இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரால் கழுவாதீர்கள். இரண்டும் வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களைத் தூண்டிவிடும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் எடுங்கள். நீலநிறக் குமிழோடு கரை ஒதுங்கும் ‘நீலப் புட்டி’ கொட்டினால், தோல் தாங்கும் சூட்டில், 45 டிகிரி அளவிலான வெந்நீரில் இருபது நிமிடம் வைப்பது வலியைக் குறைக்கும். மூச்சுத் திணறலோ, மயக்கமோ, நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாம் திறந்துவிட்ட கதவுகள்

ஐம்பது கோடி ஆண்டுகளாக இருக்கும் உயிர் இப்போது ஏன் தொல்லையாகிறது? மூன்று கடல்களின் கதையைச் சொன்னால் புரியும்.

நமீபியாவின் கரை உலகின் செழிப்பான மீன்பிடிப் பகுதிகளில் ஒன்றாக இருந்தது. அங்கே மத்தி மீனை அள்ளு அள்ளென்று அள்ளினார்கள். 1960-களின் கடைசியில் மத்தி சரியத் தொடங்கியது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மத்தி தின்றுகொண்டிருந்த மிதவை உயிர்கள் யாருக்கு மிஞ்சின? 2006-இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று அந்தப் பகுதியில் மீன்கள் 36 லட்சம் டன், ஜெல்லி மீன்கள் 1 கோடியே 22 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. அதோடு கதை முடியவில்லை. உளுவை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீன் அங்கே ஜெல்லி மீன்களைத் தின்றே பிழைத்து, பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிக்கொண்டிருக்கிறது என்று 2010-இல் கண்டார்கள். கடல் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இழந்தது சிறியதில்லை.

இரண்டாவது, கருங்கடல். கப்பல்கள் சரக்கில்லாமல் போகும்போது நிலைதடுமாறாமல் இருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு, போன இடத்தில் கொட்டுவார்கள். அப்படித்தான் 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து சீப்பு ஜெல்லி கருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. இது கொட்டும் செல் இல்லாத தனித் தொகுதி, அசல் ஜெல்லி மீன் இல்லை, ஆனால் கூட்டமாகப் பெருகுவதில் சளைத்ததில்லை. ஏற்கெனவே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பாலும் ஆறுகள் கொண்டுவந்த உரச் சத்தாலும் நிலைகுலைந்திருந்த கடல் அது. நெத்தலியின் இரையையும் முட்டைகளையும் சீப்பு ஜெல்லி தின்று தீர்த்தது. 1980-களின் இறுதியில் நெத்தலி மீன்பிடிப்பு சரிந்து விழுந்தது. 1997-இல் அந்தச் சீப்பு ஜெல்லியை மட்டுமே வேட்டையாடும் இன்னொரு சீப்பு ஜெல்லி வந்து சேர்ந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் தணிந்தது. கப்பல் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2017-இல்.

மூன்றாவது, கிழக்கு ஆசியா. நொமுரா ஜெல்லி மீன் இரண்டு மீட்டர் அகலம், 200 கிலோ எடை வரை வளரும். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பான் பக்கம் இது பெருங்கூட்டமாக வந்தது 1920, 1958, 1995 ஆகிய ஆண்டுகளில், அதாவது சுமார் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை. 2002-க்குப் பிறகோ சில ஆண்டுகள் கிட்டத்தட்ட வருடா வருடம் வந்தது. சீனா, கொரியாவை ஒட்டிய கடல்களில் பிறந்து நீரோட்டத்தோடு வடக்கே போகிறது. 2009-இல் ஜப்பானின் சிபா அருகே பத்து டன் எடையுள்ள இழுவைப்படகு ஒன்று, இவை நிறைந்த வலையைத் தூக்கப் போய்க் கவிழ்ந்தது. தண்ணீரில் விழுந்த மூன்று பேரையும் இன்னொரு படகு காப்பாற்றியது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி உயே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, கழிவுச் சத்து, சூடேறும் நீர், கரையோரக் கட்டுமானம் எல்லாம் சேர்ந்த விளைவு என்பது அவர் வாதம்.

அந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

பாலிப்புக்குக் கெட்டியான பரப்பு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? மணலும் சேறுமான கடற்கரையில் அது அரிது. அங்கே ஒரு துறைமுகம் கட்டுகிறோம். தூண்கள், மிதவை மேடைகள், அலைத்தடுப்புச் சுவர்கள், மீன் வளர்ப்புக் கூண்டுகள் என்று கான்கிரீட்டும் பிளாஸ்டிக்கும் இரும்பும் இறங்குகின்றன. நிழலான அடிப்பக்கம், அலை அடங்கிய தண்ணீர், பக்கத்தில் சாக்கடைச் சத்து. 2013-இல் ஓர் ஆய்வுக் குழு பல நாடுகளின் துறைமுகங்களில் இப்படிப்பட்ட பரப்புகளைச் சோதித்து, பாலிப்புகள் அவற்றின் அடிப்பக்கங்களை விரும்பிப் பிடித்துக்கொள்வதைக் காட்டியது. கொரியாவில் இதை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கடலடித் தூண்களிலும் மிதவைகளிலும் ஒட்டியிருக்கும் நிலா ஜெல்லிப் பாலிப்புகளைத் தேடிப் பிடித்து, அழுத்தமான நீர்ப்பாய்ச்சலால் முக்குளிப்போர் அகற்றுகிறார்கள். மெடூசா வந்தபின் வலை போடுவதைவிட அது புத்திசாலித்தனம்.

எல்லாக் கடலிலும் பெருகுகிறதா?

ஊடகங்கள் சொல்வதுபோல் உலகக் கடலே ஜெல்லியாகப் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2012-இல் வந்த ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த 45 கடல் மண்டலங்களில் 28-இல் ஜெல்லி மீன்கள் பெருகிவருவதாகச் சொன்னது. மறுவருடமே வந்த இன்னொரு ஆய்வு, பழைய பதிவுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, சுமார் இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலைதான் தெளிவாகத் தெரிகிறது, நிரந்தரமான ஏற்றத்துக்குச் சான்று வலுவாக இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. சில கடல்களில் பெருக்கம் நிச்சயம், அந்தக் கடல்களில் எல்லாம் மனிதக் கை ஓங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் எண்ணிப் பார்த்தவர்களே குறைவு.

ஜெல்லி மீன்களை ஒழிக்க வேண்டிய பூச்சிகள் என்று நினைப்பதும் தப்பு. பல மீன் குஞ்சுகள் அவற்றின் குடைக்கடியில் ஒளிந்துதான் பிழைக்கின்றன. நம் பக்கம் ஏழுவரி ஆமை என்று சொல்லும் தோல்முதுகு ஆமைக்கு இவைதான் முதன்மை உணவு. கனடாவின் கிழக்குக் கரையில் அந்த ஆமைகளின் முதுகில் கேமரா பொருத்திப் பார்த்ததில், ஓர் ஆமை நாளுக்குச் சராசரி 330 கிலோ ஜெல்லி மீன் தின்கிறது என்று கணக்கிட்டார்கள். இந்த ஆமை இனம் முட்டையிடும் கரைகள் கிரேட் நிக்கோபாரிலும் இருக்கின்றன. அந்தக் கரைகளைக் காப்பதும் ஜெல்லி மீன்களைக் கட்டுக்குள் வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். தமிழ்நாட்டு, ஆந்திரக் கரைகளில் சில இனங்களைப் பிடித்து, உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திக் கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதியும் செய்கிறார்கள். சில குப்பங்களுக்கு அது ஒரு பருவத்தின் வருமானம்.

நான் கேட்பது இதைத்தான். கரையோரத்தில் துறைமுகமோ தூண்டில் வளைவோ கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் அறிக்கை தயாராகிறது. அதில் ஆமை இருக்கும், பவளப்பாறை இருக்கும், மீன் முட்டையிடும் இடம் இருக்கும். கட்டப்போகும் சுவரின் அடிப்பக்கத்தில் எது ஒட்டும் என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும். இப்போது இருக்கும் துறைமுகங்களில் வருடத்துக்கு ஒருமுறை முக்குளிப்பவர்களை இறக்கி மிதவைகளின் அடியைப் பார்க்கச் செய்வது பெரிய செலவில்லை. கொட்டலசும் சிப்பியும் ஒட்டுவதை ஏற்கெனவே பார்க்கிறார்கள், சுரண்டுகிறார்கள். அவற்றோடு அந்த வெண்புள்ளிகளையும் எண்ணிப் பதிவு செய்தால், எந்த வருடம் எந்தக் கரைக்கு ஜெல்லி மீன் வரும் என்று சில மாதம் முன்பே மீனவர்களுக்குச் சொல்ல வழி பிறக்கும். மின் நிலையங்களுக்கும் எச்சரிக்கை கிடைக்கும்.

இந்த வேலைக்கு மீனவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த மாதம், எந்தக் காற்றில், எந்த நிறச் சொறி வந்தது என்று அவர்களுக்கு மனப்பாடம். அந்த நினைவு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. உங்களில் யாராவது கடலோர ஊர்க்காரராக இருந்தால், உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். தேதி, இடம், நிறம், அளவு, இந்த நான்கு போதும். பத்து வருடம் தொடர்ந்து எழுதினால், இந்தக் கடலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லும் முதல் கணக்கு உங்கள் ஊரிலிருந்தே வரலாம்.